எக்ஸ் எந்த ஊர்?

"கணக்குக்கு எழுத்து ஒரு பொருட்டே இல்ல சார். கெழு சரியா இருந்தா போதும். எக்ஸ்னு போட்டா என்ன, ஒய்னு போட்டா என்ன, விடை மாறிடப் போகுதா?"

காக்களூர் சிட்கோ பேட்டைப் பக்கம் காலிபரேஷன் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. காலை வண்டியில் ஏறிய பிறகு வாதாட முடியாது, கை கால் வைக்கவே இடம் கிடைக்காது. அதனால் எழுதுகிறேன்.

அது அவன் ஒருவனுடைய எண்ணமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர் இதையே சொல்கிறார். மென்பொருள் எழுதுகிறவர் இதையே இன்னும் அலட்சியமாகச் சொல்கிறார். நம்பை என்ற பைத்தான் நூலகத்தில் பல்லுறுப்புக் கோவைக்கு மாறியின் பெயரை நாமே வைத்துக்கொள்ளும் வசதி வந்தபோது, "இதுக்கெல்லாமா மெனக்கெடுவாங்க" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். பொட்டு வைப்பது போன்ற ஒரு அலங்காரம், அச்சில் பார்க்க நன்றாயிருக்கும், அவ்வளவுதான் என்பது அவர்கள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தப்பு.

முதலில் எங்கள் பக்கத்துக்கும் பல்லுறுப்புக் கோவைக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை உலை எரிகிற தொழிற்சாலைகள் ஏராளம். இரும்பு உருக்குகிறார்கள், கம்பி உருட்டுகிறார்கள், உதிரி பாகங்களைச் சூடேற்றிக் கடினமாக்குகிறார்கள். உலை இருக்கும் இடத்தில் தெர்மோகப்புள் இருக்கும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனையில் மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் கிடைக்கும். கே டைப் என்ற வகையானால் 100 டிகிரி செல்சியஸுக்கு 4.096 மில்லிவோல்ட், 800 டிகிரிக்கு 33.275. இந்த உறவு நேர்கோடு இல்லை. அதனால் பத்துப் படி வரை நீளும் பல்லுறுப்புக் கோவையாக அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அளவியல் நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அட்டவணைகளில் அந்தக் கெழுக்கள் இருக்கின்றன. உலகத்து உலைகளெல்லாம் அதைத்தான் நம்பி எரிகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோவைகள் இரண்டு. ஒன்றில் டிகிரியைப் போட்டால் மில்லிவோல்ட் வரும், மற்றதில் மில்லிவோல்ட்டைப் போட்டால் டிகிரி வரும். இரண்டாவது வகையில் 0 முதல் 500 டிகிரி வரைக்கான கோவையை எடுத்தால், முதல் கெழு 25.08355, அடுத்தது 0.07860106, அதற்கடுத்தது கழித்தல் 0.2503131. வெறும் எண்கள். இந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி உங்களிடம் நீட்டினால், உள்ளே போவது டிகிரியா மில்லிவோல்ட்டா என்று சொல்ல முடியுமா? வருஷக்கணக்காக இதிலேயே புரண்டவர் சொல்வார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் சொல்ல மாட்டார். கணினி ஒருநாளும் சொல்லாது.

விடை மாறாது என்றான் அல்லவா தம்பி? மாறும். போட்டே காட்டுகிறேன்.

ஒரு தெர்மோகப்புளைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் சர்டிபிகேட் வரும். "இந்தக் கம்பி 400 டிகிரியில் இவ்வளவு குறைத்துக் காட்டுகிறது, 800 டிகிரியில் இவ்வளவு குறைத்துக் காட்டுகிறது, இந்தத் திருத்தத்தைக் கூட்டிக்கொள்" என்று இருக்கும். அந்தத் திருத்தத்தையும் ஒரு சிறு கோவையாக எழுதிக்கொள்வது வழக்கம். மாதிரிக்கு, கழித்தல் 0.5 என்ற மாறிலி, அதோடு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.004 என்று வைத்துக்கொள்வோம். 800 டிகிரியில் திருத்தம் 2.7. அதாவது கம்பி 800 என்று சொன்னால் உண்மை 802.7.

இப்போது நம் தம்பி நம்பையில் இரண்டு கோவைகளை வைத்திருக்கிறான். ஒன்று மில்லிவோல்ட்டிலிருந்து டிகிரிக்குப் போவது. மற்றது டிகிரிக்கான திருத்தம். இரண்டுக்கும் மாறி எக்ஸ். கூட்டிக்கொள் என்று சர்டிபிகேட்டிலேயே போட்டிருக்கிறது. கூட்டல் குறி போட்டு இரண்டையும் கூட்டிவிடுகிறான். நம்பை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கெழுவோடு கெழுவைக் கூட்டி மூன்றாவது கோவை ஒன்றைக் கையில் கொடுக்கிறது. அதில் 33.275 மில்லிவோல்ட்டைப் போடுகிறான். என்ன நடந்தது? டிகிரியோடு பெருக வேண்டிய 0.004, மில்லிவோல்ட்டோடு பெருகிவிட்டது. 3.2 வர வேண்டிய இடத்தில் 0.133 வந்தது. மாறிலியைச் சேர்த்தால் திருத்தம் 2.7க்குப் பதில் கழித்தல் 0.367. திரை 799.6 என்று காட்டும். உலைக்குள் இருப்பது 802.7.

மூன்று டிகிரி. திரையில் 80 என்றோ 8000 என்றோ வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், ஷிப்ட் சூப்பர்வைசரே ஓடி வந்திருப்பார். 799.6 என்பது பார்க்க யோக்கியமான எண். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பான ஐ.இ.சி. வைத்த தரப்படி முதல் வகுப்பு கே டைப் கம்பிக்கு 800 டிகிரியில் அனுமதிக்கப்பட்ட பிசகு கூட்டியோ குறைத்தோ 3.2 டிகிரி. நம் தவறு 3.07. கம்பிக்கென்று கொடுத்த சலுகைக்குள் கணக்குக்காரனின் பிழை போய் ஒளிந்துகொள்கிறது. விமான உதிரி பாகங்களைச் சூடேற்றுகிற உலைகளுக்கான ஏ.எம்.எஸ். 2750 விதியில், முதல் வகுப்பு உலைக்கு மொத்தச் சீர்மையே கூட்டியோ குறைத்தோ 3 டிகிரிதான். அந்தப் பட்டறையில் இந்தக் கூட்டல் நடந்தால் முழுச் சலுகையையும் ஒரே ஒரு கூட்டல் குறி விழுங்கிவிடும்.

சரியான வழி இது: மில்லிவோல்ட்டைக் கொடுத்து டிகிரியை வாங்கு, அந்த டிகிரியைத் திருத்தக் கோவைக்குக் கொடு, வருவதை டிகிரியோடு கூட்டு. எண்ணையும் எண்ணையும் கூட்டலாம். கோவையையும் கோவையையும் இங்கே கூட்டக் கூடாது, ஏனென்றால் இரண்டுக்குள்ளும் போகிற பண்டம் வேறு.

இந்த வேற்றுமையை நம்பைக்குத் தெரிவிக்க இருக்கும் ஒரே வாசல் மாறியின் பெயர்தான். 2022 டிசம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பில் அந்த வாசலைத் திறந்தார்கள். கோவையை உருவாக்கும்போதே சிம்பல் என்ற இடத்தில் ஒரு பெயரைக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பழையபடி எக்ஸ். ஒன்றுக்கு மில்லிவோல்ட், மற்றதற்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். குறியீடுகள் வேறுபடுகின்றன என்று சொல்லி வேல்யூ எரர் கொடுத்து நிறுத்திவிடும். அச்சில் அழகாகத் தெரிவது இதில் கிடைக்கும் கொசுறு. காசு கொடுத்து வாங்கிய பொருள் அந்த மறுப்புதான். "அலங்காரம்" என்கிறவர்கள் கொசுறை மட்டும் பார்த்துவிட்டுக் கடையை மூடச் சொல்கிறார்கள்.

இதிலே புதுமையும் அதிகமில்லை. நம்பையின் பழைய பாலி ஒன்-டி என்ற வகையிலேயே மாறிக்குப் பெயர் கொடுக்க இடம் இருந்தது. 1.4ஆம் பதிப்பில் புதிய பல்லுறுப்புக் கோவைத் தொகுப்பு வந்தபோது அந்த வசதி காணாமல் போனது. திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொகுப்பு வேறொரு விஷயத்தில் மிகக் கறாராக இருந்தது. இரண்டு கோவைகளின் வரையெல்லை வேறு வேறாக இருந்தால் கூட்ட மாட்டேன் என்று அப்போதே மறுத்தது. அதை யாரும் அலங்காரம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. எல்லை வேறானால் கூட்டக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறவர், பண்டமே வேறானால் கூட்டலாம் என்று எப்படிச் சொல்கிறார்?

இப்போது கணக்கு வாத்தியார் எழுந்திருப்பார். அவருடைய வாதம் கொஞ்சம் கனமானது. "எக்ஸில் எழுதிய கோவைகளின் கூட்டமும் ஒய்யில் எழுதிய கோவைகளின் கூட்டமும் உருவொத்தவை. ஒன்றில் உண்மையாக இருப்பது எல்லாம் மற்றதிலும் உண்மை. எழுத்து வெறும் முகமூடி."

உருவொத்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் உருவொத்தது என்ற சொல்லுக்கே இரண்டு பொருள்கள் வேண்டும், ஒரே பொருளை யாரும் அதனோடே உருவொத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு பாதையைச் சொல்ல வேண்டும். எக்ஸ் இருந்த இடத்தில் ஒய்யைப் போடுகிறேன் என்பது ஒரு பாதை. எக்ஸ் இருந்த இடத்தில் ஒய் கூட்டல் ஒன்றைப் போடுகிறேன் என்பதும் ஒரு பாதை, அதுவும் உருவத்தைக் கெடுக்காது. எந்தப் பாதையில் போனாய் என்று சொல்லாமலே கூட்டுகிறவன் கணக்குப் போடவில்லை, ஊகிக்கிறான். செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் நடுவே இருப்பது இப்படிப்பட்ட ஒரு பாதைதான். அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் விஷயமாகவே சொல்கிறேன். சேலத்திலும் ஒரு செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது, வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது. ஒரு யகர ஒற்றைத் தவிர எழுத்தில் வித்தியாசமில்லை, பேச்சில் அதுவும் இல்லை. எனக்கு வர வேண்டிய ஒரு பார்சல் அங்கே போய் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது. அனுப்பியவருக்கு இரண்டும் உருவொத்தவையாகத் தோன்றியிருக்கும். ரயில்வேக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஊரைவிட்டுத் தள்ளி நிலையம் கட்டினால் பெயரோடு 'ரோடு' என்று ஒட்டிவிடுவார்கள். இது செவ்வாப்பேட்டைக்குப் போகிற வழி, செவ்வாப்பேட்டையே அல்ல என்று இறங்குகிறவனுக்கு ஒரு சொல்லில் எச்சரிக்கை.

அடுத்த வாதம்: "எக்ஸ் உலகப் பொது. எல்லோருக்கும் புரியும். அதை ஏன் கலைக்கிறாய்?"

உலகப் பொது என்று எப்போது ஆனது? பிரான்சு நாட்டு வியத் 1591இல் இயற்கணிதத்துக்கு எழுத்து வைத்தபோது, தெரியாததற்கு உயிரெழுத்து, தெரிந்ததற்கு மெய்யெழுத்து என்று பிரித்தார். நம்மூர் இலக்கண ஆசிரியர் கேட்டால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். 1637இல் தெகார்த் வந்து, அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கும் முதல் எழுத்துகளைத் தெரிந்தவற்றுக்கும் கொடுத்தார். அச்சுக்கோர்ப்பவரிடம் எக்ஸ் எழுத்து மிச்சமாகக் கிடந்தது, அதனால்தான் எக்ஸ் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, ஆனாலும் எக்ஸின் மீது நமக்கிருக்கும் பக்தியைக் குறைக்க அந்தக் கதை உதவும். அதற்கு முன்பு அரபியில் 'பொருள்' என்ற சொல்லையே வைத்துக் கணக்குப் போட்டார்கள், இத்தாலியர் அதை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அரபு நாடுகள் பலவற்றில் பள்ளிப் பிள்ளைகள் எக்ஸ் எழுதுவதில்லை, தங்கள் சீன் எழுத்தை எழுதி வலமிருந்து இடமாகச் சமன்பாடு போடுகிறார்கள். அவர்களில் யாரும் பொறியாளராகாமல் போய்விடவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதம் எழுதினார். முதல் தெரியாத அளவுக்கு யாவத்தாவத் என்று பெயர், 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள், சுருக்கமாக யா. இரண்டாவது வேண்டுமென்றால் காலகம், கறுப்பு, சுருக்கமாக கா. மூன்றாவது நீலகம், நீலம். பிறகு பீதகம், மஞ்சள். பிறகு லோகிதகம், சிவப்பு. நிறத்தின் பெயரில் முதல் எழுத்து, அதுவே மாறி. ஏழாம் நூற்றாண்டுப் பிரம்மகுப்தரிடமே நிறம் என்ற சொல் தெரியாத அளவுக்கு நின்றது.

நிறத்தால் ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பது எவ்வளவு ஆழமான புத்தி என்று எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் தெரியும். தெர்மோகப்புள் கம்பிக்கும் நிறம் உண்டு. ஐ.இ.சி. முறையில் கே டைப் என்றால் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு எதிர்முனை! நாலு வருஷம் பேட்டரியோடு பழகிய கை எங்கே போகும்? சிவப்பை நேர்முனையில்தான் முடுக்கும். உலை சூடேறச் சூடேற ரீடிங் இறங்கிக்கொண்டே போகும். 'சிவப்புன்னா பிளஸ், அது உலகப் பொது' என்று நினைத்ததன் பலன். எக்ஸ் உலகப் பொது என்பதும் இதே ஜாதிதான். பொது என்று நாம் நினைப்பதில் பாதி நம்முடைய பழக்கம்.

சரி, பெயர் வைக்கலாம், ஆனால் அந்தப் பெயரைத் தமிழில் வைப்பதாவது என்று கேட்பார்கள் இப்போது. இங்கேதான் குரல் உயரும். "புரோகிராம் எழுதறது இங்கிலீஷ்ல. நடுவுல தமிழ் எழுத்தைச் செருகறது சும்மா உணர்ச்சிவசம்."

நம்பை கேட்பது ஒன்றே ஒன்று. பெயர், பைத்தான் மொழியில் அடையாளப் பெயராகச் செல்லுபடியாக வேண்டும். 2007இல் முன்மொழியப்பட்டு பைத்தான் 3உடன் நடைமுறைக்கு வந்த விதிப்படி, உலகின் பிற எழுத்துகளும் அடையாளப் பெயராகலாம். தமிழும் ஆகலாம். 'வெப்பம்' என்று கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும். 'அ' என்று கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும். 'மி.வோ.' என்று கொடுத்தால் ஏற்காது, நடுவில் புள்ளி இருக்கிறது. டிகிரிக்கான சிறு வட்டத்தையும் ஏற்காது. அந்தப் பழைய விதியைக் காட்டி, "அடையாளப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே" என்று என்னை மடக்க வந்தவர்கள் உண்டு. அந்த வரி பைத்தானோடு கூடவே வரும் தரநூலகத்தை எழுதுகிறவர்களுக்குச் சொன்னது. விமானிக்குப் போட்ட சட்டத்தைக் காட்டி மாட்டுவண்டிக்காரரிடம் அபராதம் கேட்கிற கதை. முத்து அண்ணாமலை எழில் என்று ஒரு கணினி மொழியையே தமிழ்ச் சொற்களால் செய்துகாட்டிவிட்டார். ஒரு மாறிக்குப் பெயர் வைப்பதற்கா இவ்வளவு தயக்கம்?

யாழ்ப்பாணத்தில் கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்ற நூலையே தமிழில் வெளியிட்டார். நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் 'தமிழில் இயற்கணிதமா' என்று புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு அந்தத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தமிழ்ப் பெயரில் தொல்லையே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. தொல்லை உண்டு, நானே பட்டிருக்கிறேன். ஔ என்பதை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாக அடித்து ஒள என்றும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு வேறு. கொ என்பதில் இருபுறமும் நிற்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், தனித்தனியாகவும் பதியலாம். இந்தக் கொம்பு, கால் வேற்றுமையை நிரலுக்குள் வரும் மாறிப் பெயர்களில் பைத்தானே ஒழுங்குபடுத்தி ஒன்றாக்கிவிடும். நம்பைக்குக் கொடுக்கும் சிம்பல் ஒரு சாதாரணச் சரம், அதை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறு என்றால் வேறு என்று சொல்லிவிடும். திரையில் இரண்டும் 'கொதி' என்று ஒரே மாதிரி நின்றுகொண்டு, கூட்ட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்! அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன்.

தமிழ் எண்களிலும் ஒரு குறும்பு இருக்கிறது. ௧ என்ற எண் க போலவே இருக்கும், ௭ எகரம் போல, ௨ உகரம் போல. ௧ என்று சிம்பல் கொடுத்தால் நம்பை மறுத்துவிடும், அடையாளப் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. நாம் மறந்துவிட்டாலும் அது எண்தான் என்பது பைத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. ௧௨ என்ற எழுத்துச் சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று தரும். பத்துக்கென்று தனிக் குறி இருந்ததே, ௰, அதைக் கொடுத்தால் மட்டும் திணறும். எண்சுவடி படித்த திண்ணைப் பள்ளிப் பையன் அந்த இடத்தில் ஜெயித்துவிடுவான்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் மருந்து ஒன்றே: ஓரெழுத்துப் பெயர், கொம்பும் காலும் இல்லாத எழுத்து. உயிரெழுத்துகளில் ஔவை மட்டும் விலக்கிவிட்டு எதையும் எடுக்கலாம். வெப்பத்துக்கு வ, அழுத்தத்துக்கு அ, ஓட்டத்துக்கு ஓ. பம்பு விற்கிறவர்கள் நீரோட்டத்துக்கும் தூக்கும் உயரத்துக்கும் இடையே இருபடிக் கோவை வைத்திருப்பார்கள். அதில் ஓ என்று நின்றால் எந்த ஃபிட்டருக்கும் விளக்க வேண்டியதில்லை. யாவத்தாவத்துக்கு யா என்று வைத்தவர்கள் செய்ததும் இதுதானே.

தமிழ் வேண்டாம் என்கிறவர்களில் ஒரே ஒருவரின் வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் அவர். "எங்க ஷிப்ட்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா. உன் வ-வை யார் படிப்பா?" என்றார். நியாயம். அந்தத் திரையில் நானும் தமிழ் எழுத்தை வைக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னதை மறுபடி படியுங்கள். படிக்கப்போவது யார் என்று கேட்டார். பெயர் யாருக்காவது புரிய வேண்டிய ஒன்று என்று ஒத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும். அவர் எக்ஸின் பக்கம் நிற்கவில்லை, என் பக்கம் நின்றுகொண்டு மொழியைப் பற்றிச் சண்டை போடுகிறார். அந்தச் சண்டையில் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. படிப்பவர் தமிழராக இருக்கும் இடத்தில் தமிழ், கலந்திருக்கும் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. எக்ஸ் என்பது இந்த இரண்டிலும் சேராது. அது எந்த மாநிலத்துக்காரருக்கும் எந்தச் செய்தியையும் சொல்லாத எழுத்து.

கடைசியாக, கொஞ்சம் தந்திரமான ஒரு ஆட்சேபம். "இதுக்கு எதுக்கு சிம்பல்? இடது பக்கத்துல கோவைக்கு நல்ல பேரா வெச்சுக்கிட்டா போதாதா? இல்லன்னா பக்கத்துல ஒரு குறிப்பு எழுதிட்டாப் போச்சு."

குறிப்பை மனிதர்தான் படிக்க வேண்டும், கூட்டல் குறி அதைப் படிப்பதில்லை. இடது பக்கத்துப் பெயரோ அந்தக் கோப்போடு தங்கிவிடும். கோவையை ஒரு சார்புக்குள் அனுப்பினால் அங்கே அதற்கு வேறு பெயர். சேமித்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்தால் அவர் வைத்ததே பெயர். பெட்டியை வைத்த அலமாரியில் சீட்டு ஒட்டுவது அது. சிம்பல் பெட்டியிலேயே ஒட்டிய சீட்டு. பெட்டி போகிற இடமெல்லாம் கூடவே போகும், அச்சிட்டாலும் தெரியும், இன்னொன்றோடு கூட்டினாலும் விசாரிக்கப்படும்.

அந்தச் சீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது என் சட்டையைப் பிடிப்பார்கள். சிம்பல் அலகு பார்க்காது. செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் இரண்டுக்கும் வ என்றே பெயர் வைத்தால் சந்தோஷமாகக் கூட்டிவிடும். கோவையோடு வெறும் பட்டியலைக் கூட்டினால் கேள்வி கேட்காது, பட்டியலுக்குப் பெயர் இல்லையே. கோவைக்குள் எண்ணைப் போடும்போது அது மில்லிவோல்ட்டா டிகிரியா என்றும் விசாரிக்காது. வாசலில் நிற்கும் காவலாளி அடையாளச் சீட்டைத்தான் பார்ப்பார், பைக்குள் கைவிட மாட்டார். அதற்காகக் காவலாளியே வேண்டாம் என்று எந்தத் தொழிற்சாலை சொல்கிறது?

நம்பையில் இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை வைத்த சிம்பலை மாற்ற முடியாது. வேறு பெயர் வேண்டுமானால் அதே கெழுக்களை எடுத்துப் புதிதாக ஒரு கோவையைப் பிறப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்து, இதற்குள் என்ன போகிறது என்று யோசித்தே ஆக வேண்டும்.

இதை எழுதுவதற்கு முன்பு என் பழைய கோப்புகளை அப்படித்தான் பெயர் மாற்ற உட்கார்ந்தேன். எக்ஸ் என்ற பெயரில் முப்பத்தெட்டு கோவைகள் கிடந்தன, எல்லாம் நான் எழுதியவை. இருபத்தேழுக்குப் பெயர் வைத்துவிட்டேன். மீதிப் பதினொன்றில் உள்ளே போவது டிகிரியா மில்லிவோல்ட்டா என்று எனக்கே தெரியவில்லை. சர்டிபிகேட்டுகளை எல்லாம் வீட்டுப் பரணில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏற வேண்டும்.